குடும்ப நலம்: விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?



தம்மம்பட்டியிலிருந்து ஓர் அம்மாயி எழுதிய கடிதமே இம்மாதம் இப்பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. கையெழுத்து பேரனுடையது, சொற்கள் அம்மாயியினுடையவை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. "ஐயா, என் பேத்தி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். டாக்டர் குறித்த தேதி தாண்டி மூன்று நாளாகிறது. வலி காணவில்லை. எங்கள் காலத்தில் நாள் தாண்டினால் விளக்கெண்ணெயைச் சுடுகாப்பியில் ஊற்றிக் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். ஐந்து பிள்ளைகளும் நல்லபடியாகவே பிறந்தன. இப்போது வரும் நர்சம்மா கூடவே கூடாது என்கிறார். வயிற்றைச் சுத்தம் செய்கிற எண்ணெய் பிள்ளையை என்ன செய்துவிடும்? தாங்கள்தான் சொல்ல வேண்டும்."

மாத இதழின் பதில் வரும்வரை குழந்தை காத்திராது. ஆகவே கடிதம் கைக்கு வந்த அன்றே, அதில் கண்டிருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினேன். "கொடுக்க வேண்டாம் அம்மா. நாள் தாண்டியிருப்பதால் இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றேன். சரி என்றார். ஆனால் அவர் கேட்டது "கூடுமா, கூடாதா?" என்பது மட்டுமன்று, "என்ன செய்துவிடும்?" என்பதும் ஆகும். இந்த இரண்டாவது கேள்வி மிக நல்ல கேள்வி. விஞ்ஞானிகளுக்கே இதற்குச் சரியான விடை 2012ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாத அந்த விடையை இங்கே எழுதுகிறேன்.

விளக்கெண்ணெயை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டோ? இன்று ஐம்பது வயதைக் கடந்த வாசகர் பலருக்கும் பள்ளி விடுமுறை என்றால் பேதிக்குக் கொடுக்கும் நாளும் கூடவே நினைவுக்கு வரும். அதிகாலையில் எழுப்பி, மூக்கைப் பிடித்து, வெதுவெதுப்பாக ஒரு கரண்டி எண்ணெய். பின்னால் வாய்க்கு ஓர் ஆரஞ்சுச் சுளையோ ஒரு கல் உப்போ. பகலெல்லாம் கொல்லைப்புறத்துக்கும் திண்ணைக்குமாக நடை. மாலையில் மிளகு ரசமும் குழைந்த சோறும். என் பாட்டியார் என் வாயில் ஊற்றிய எண்ணெயின் வழவழப்பு இன்னும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருப்பது போலவே தோன்றும்.

சேலத்துச் சீமைக்கு ஆமணக்கு புதிய பயிரன்று. நிலக்கடலைக் காட்டின் ஓரத்திலும் மஞ்சள் பாத்தியின் வரப்பிலும் அதனை ஊன்றி வைப்பது வழக்கம். தம்மம்பட்டி அமைந்துள்ள இதே மாவட்டத்தில், ஏத்தாப்பூரில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. வீரிய ஒட்டு ஆமணக்கு வகைகளை அங்கே உருவாக்குகின்றனர். உலகிலேயே மிகுதியாக ஆமணக்கு விளைவிக்கும் நாடு நமது நாடே. அதில் பெரும்பங்கு குஜராத்தினுடையது. எண்ணெயின் பெரும்பகுதி மருந்துக்குப் போவதில்லை. உயவு எண்ணெய், வண்ணப்பூச்சு, சோப்பு, பிளாஸ்டிக் முதலிய தொழில்களுக்கே போகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். ஆமணக்கு விதையில் ரைசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அஃது ஒரு புரதம்; எண்ணெயில் கரையாது; வெப்பத்தில் அழியும். விதையை வறுத்து, இடித்து, நீரில் கொதிக்க வைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்த நம் பாட்டிமார் அந்த நஞ்சையும் தம்மை அறியாமலே அகற்றிவிட்டனர். ஆனால் பச்சை விதையில் அது முழுதாக இருக்கிறது. பளபளப்பும் புள்ளியும் கொண்ட அவ்விதையைக் குழந்தைகள் பல்லாங்குழிக்கு எடுத்து வாயில் போட்டு மென்றுவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எண்ணெய்க்கு வருவோம். விளக்கெண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம் என்னும் ஒரே கொழுப்பு அமிலத்தால் ஆனது. நல்லெண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ இது கிடையாது. எண்ணெய் சிறுகுடலை அடைந்ததும், கணைய நீரிலுள்ள லைபேஸ் என்னும் நொதி அதனைப் பிரித்து ரிசினோலிக் அமிலத்தை விடுவிக்கிறது. அதன்பின் பேதியாகிறது. ஏன் ஆகிறது? இந்த அமிலம் குடலின் உட்சுவரை உறுத்துகிறது, உறுத்தல் தாளாமல் குடல் நீரைக் கொட்டிச் சுருங்குகிறது என்றே பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. மிளகாய் பட்ட கண்ணில் நீர் வருவது போல என்று நாமும் நம்பி வந்தோம். கர்ப்பிணிக்கு வலி வருவதையும், குடலின் கொந்தளிப்பு அருகிலுள்ள கருப்பைக்குப் பரவுகிறது என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

ஜெர்மனியில் பாட் நவ்ஹைம் என்னும் ஊரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் இதய நுரையீரல் ஆய்வு நிறுவனத்தில் சொரின் துனாரு, ஸ்டெஃபான் ஆஃபர்மன்ஸ் முதலியோர் இதனை மீண்டும் கிளறினர். உயிரணுக்களின் மேற்புறத்தில் நூற்றுக்கணக்கான வகை 'ஏற்பி'கள் உள்ளன. ஏற்பி என்பது ஒரு பூட்டு. தனக்கு உரிய வேதிப்பொருள் வந்து பொருந்தும்போது அது திறக்கும். உடனே அணுவுக்குள் ஒரு கட்டளை பிறக்கும். ரிசினோலிக் அமிலம் எந்தப் பூட்டில் பொருந்துகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்த அவர்கள், அது இ.பி.3 என்னும் ஏற்பி என்று கண்டனர். அந்த ஏற்பி இல்லாமல் பிறக்குமாறு வளர்க்கப்பட்ட எலிகளுக்கு விளக்கெண்ணெய் புகட்டினார்கள். பேதியாகவில்லை. சினையுற்ற எலிகளின் கருப்பையும் அந்த ஏற்பி இல்லாதபோது சுருங்கவில்லை. உறுத்தல்தான் காரணம் என்றால் அந்த எலிகளுக்கும் ஆகியிருக்க வேண்டுமன்றோ? ஆகவே உறுத்தல் கதை போயிற்று. விளக்கெண்ணெய் குடலின் தசையிலும் கருப்பையின் தசையிலும் ஒரே வகைப் பூட்டைத் திறக்கிறது என்பது 2012இல் தெளிவாயிற்று.

அந்தப் பூட்டு விளக்கெண்ணெய்க்காகச் செய்யப்பட்டதன்று. அதன் உண்மையான சாவி நம் உடலிலேயே ஊறும் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்னும் பொருள். ரிசினோலிக் அமிலம் ஒரு கள்ளச்சாவி. நம் அம்மாயியின் கேள்விக்கு விடை இந்தச் சாவியின் கதையில்தான் இருக்கிறது. பெயர் நீளமென்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். காய்ச்சல், தலைவலி, மாதவிலக்கு வலி, வயிற்றுப்புண், மகப்பேறு ஆகிய அனைத்திலும் இதற்குக் கை உண்டு.

1930இல் நியூயார்க்கில் கர்ஸ்ராக், லீப் என்னும் இரு மருத்துவர்கள், மனித விந்துநீர் பட்டால் கருப்பைத் தசைத்துண்டு சுருங்குவதையும் தளர்வதையும் கண்டனர். சில ஆண்டுகளில் சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் வான் ஆய்லர் அதற்குக் காரணமான பொருள் கொழுப்பு வகையைச் சேர்ந்தது என்று அறிந்து, அது புரோஸ்டேட் சுரப்பியில் ஊறுவதாகக் கருதிப் புரோஸ்டாகிளாண்டின் என்று பெயரிட்டார். அவர் கருதியது தவறு. அது பெரும்பாலும் வேறொரு சுரப்பியிலிருந்து வருகிறது. அன்றியும் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களுமே அதனைச் செய்ய வல்லவை. பிழையான பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வான் ஆய்லரிடமிருந்து இந்த வேலையை ஏற்றுக்கொண்ட சூனே பெர்க்ஸ்ட்ரோம் என்பவர், ஏராளமான செம்மறியாட்டுச் சுரப்பிகளைச் சேகரித்து, அவற்றிலிருந்து சிறிதளவு தூய பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை வரைந்து காட்டினார். அவருடைய மாணவர் பெங்ட் சாமுவெல்சன், அது எதிலிருந்து உண்டாகிறது என்பதைக் காட்டினார்.

எதிலிருந்து? கொழுப்பிலிருந்து. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்று உள்ளது. கொழுப்பு என்றால் இடுப்பில் தொங்குவது, அடுப்பில் எரிவது, சேமித்து வைத்துப் பட்டினி நாளில் செலவழிப்பது என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உறையிலிருக்கும் கொழுப்போ செய்தி அனுப்புவதற்கான கருப்பொருளும் ஆகும். அணுவுக்கு ஓர் அடி பட்டால், நோய்க்கிருமி தீண்டினால், அல்லது ஒரு நொதி கட்டளையிட்டால், உறையிலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்னும் துண்டு வெட்டியெடுக்கப்படுகிறது. சைக்ளோ-ஆக்சிஜனேஸ் என்னும் நொதி அதனை வளைத்து, ஆக்சிஜனைச் சேர்த்து, புரோஸ்டாகிளாண்டினாக ஆக்குகிறது. அது பக்கத்து அணுக்களின் பூட்டுகளைத் திறக்கிறது. வேலை முடிந்ததும் சிதைந்துவிடுகிறது. தப்பித் தவறி இரத்தத்தில் கலந்தாலும், நுரையீரலை ஒருமுறை கடப்பதற்குள் அதன் பெரும்பகுதி அழிக்கப்படுகிறது. இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் ஊர்விட்டு ஊர் போகும் தபால் என்றால், இஃது அடுத்த வீட்டுத் திண்ணையில் நின்று கூப்பிடும் குரல்.

இத்தகைய கொழுப்புத் தூதர்கள் இன்னும் பல உள்ளனர். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயை இறுக்கும் லூக்கோட்ரையீன்கள் இந்த அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து பிறந்தவையே. இன்று பல பிள்ளைகள் இரவில் உட்கொள்ளும் மான்டிலூகாஸ்ட் மாத்திரை அவற்றின் பூட்டை அடைத்து வைக்கிறது. மூளையில் ஊறும் ஒரு கொழுப்புத் தூதுக்கு 1992இல் அதைக் கண்டவர்கள் ஆனந்தமைடு என்று பெயரிட்டனர். நம் நாட்டு 'ஆனந்தம்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். வேறு நாட்டு விஞ்ஞானிகளுக்கு இந்தச் சொல் தோன்றியது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மகப்பேற்றுக்குத் திரும்புவோம். நாள் நெருங்கும்போது கருப்பையின் உள்ளும் அதன் வாயிலும் புரோஸ்டாகிளாண்டின்கள் மிகுதியாக ஊறுகின்றன. கல் போல் இறுகியிருந்த கருப்பைவாய் அவற்றால் நெகிழ்ந்து மென்மையாகிறது. தசைகள் சுருங்கத் தொடங்குகின்றன. நாள் தாண்டியும் வலி காணாதபோது மருத்துவமனையில் டைனோப்ரோஸ்டோன் என்னும் பசையைக் கருப்பைவாயில் வைக்கின்றனர். அது வேறொன்றுமில்லை, புரோஸ்டாகிளாண்டின் இ2 தான். அம்மாயி விளக்கெண்ணெயால் திறக்க நினைத்த பூட்டை மருத்துவர் உண்மையான சாவியால் திறக்கிறார்.

"அப்படியானால் என் எண்ணெயும் சரிதானே?" என்று அம்மாயி கேட்பார். கேட்க வேண்டியதே. முன்னோர் கண்டது பொய்யன்று. விளக்கெண்ணெய் கருப்பையைத் தொடுகிறது. ஆனால் தொடுகிறது என்பதனாலேயே அது ஆபத்தும் ஆகிறது. பசையின் அளவு மில்லிகிராம் கணக்கில் அறுதியிடப்பட்டது. வைத்தபின் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். சுருக்கம் அளவு மீறினால் அதனைத் தணிக்க மருந்தும், தேவையானால் அறுவைக்கு ஏற்பாடும் அருகில் உள்ளன. கரண்டி எண்ணெயிலிருந்து எவ்வளவு அமிலம் பிரியும், எப்போது பிரியும், அதில் எவ்வளவு கருப்பையை எட்டும் என்பதை யார் அளந்து சொல்ல முடியும்? குடித்துவிட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. குடலும் கருப்பையும் ஒரே பூட்டை உடையவையாதலால் வாந்தியும் பேதியும் உறுதி. பிரசவத்துக்குத் தெம்பு வேண்டிய நேரத்தில் உடலின் நீர் வற்றித் தாய் சோர்ந்துபோவாள். முதற்பிள்ளையை அறுவையால் பெற்ற தாய்க்கு வலுவான சுருக்கம் பழைய தழும்பைக் கிழித்துவிடக்கூடும். விளக்கெண்ணெய் குடித்தபின் கருப்பை கிழிந்த நிகழ்ச்சி மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. குறைமாதத்தில் குடித்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அம்மாயிக்கு ஐந்தும் நல்லபடியாகப் பிறந்தன என்பது உண்மை. அதே எண்ணெயைக் குடித்துப் பிழைக்காமல் போன தாய் இன்று நமக்குக் கடிதம் எழுத முடியாதல்லவா?

குழந்தை பிறந்தபின்னும் இந்தத் தூதர்களின் வேலை முடிவதில்லை. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காமல் தாய் இறப்பது நம் கிராமங்களில் ஒரு காலத்தில் அடிக்கடி கேட்ட துயரம். கருப்பை சுருங்கி இரத்தக்குழாய்களை நெரித்தால்தான் இரத்தம் நிற்கும். அதற்கு ஆக்சிடாசின் ஊசி முதல் மருந்து. அது போதாதபோது கார்போப்ரோஸ்ட், மிசோப்ரோஸ்டால் ஆகிய புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்துகள் கைகொடுக்கின்றன. ஆஸ்துமா உள்ள தாய்க்குக் கார்போப்ரோஸ்ட் மூச்சை இறுக்கும். ஆதலால் ஆஸ்துமா இருப்பின் அதனை முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

இன்னொன்று எனக்கு எப்போதும் விந்தையாகவே தோன்றும். கருவிலிருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. எனவே அதன் இரத்தம் நுரையீரலுக்குப் போகாமல், நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் இடையேயுள்ள ஒரு சிறு குழாய் வழியாகக் குறுக்கே போய்விடுகிறது. அந்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். குழந்தை பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது, புரோஸ்டாகிளாண்டின் இறங்குகிறது. ஓரிரு நாளில் குழாய் தானாக மூடிக்கொள்கிறது. இதயக் கோளாறால் நீலம் பாய்ந்து பிறக்கும் சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய் மூடினால் உயிர் நிற்காது. அவர்களுக்குப் புரோஸ்டாகிளாண்டின் இ1 மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, அறுவை செய்யும்வரை அதனைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து கர்ப்பிணிகளுக்கு ஒரு முக்கியச் செய்தி பிறக்கிறது. வலி மாத்திரைகளுள் பெரும்பாலானவை புரோஸ்டாகிளாண்டினைத் தடுப்பவை. இடுப்புவலி என்று கர்ப்பிணி கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரை, வயிற்றிலிருக்கும் குழந்தையின் அந்தச் சிறு குழாயை நேரத்துக்கு முன்பே மூடிவிடலாம். குழந்தையின் சிறுநீரகத்தைத் தாக்கிப் பனிக்குட நீரையும் குறைக்கலாம். 20 வாரத்துக்குப் பின் இம்மாத்திரைகளைத் தவிர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் எச்சரித்தது. சில தாய்மார்க்கு இரத்தக்கொதிப்பைத் தடுக்க மருத்துவரே சிற்றளவு ஆஸ்பிரின் எழுதித் தருவதுண்டு, அது வேறு. அவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

வலி மாத்திரையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால், தம்மம்பட்டியைவிட்டு நகராமலே அதனையும் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே, சுவேத நதிக் கரையில் அமைந்த இவ்வூரின் மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு சிற்பியின் வலக்கை நாள் முழுவதும் கொட்டாப்புளியை ஓங்குகிறது. இடக்கை உளியை இறுகப் பற்றுகிறது. முதுகு வளைந்தே இருக்கிறது. இரவில் மணிக்கட்டு வீங்கி வலிக்காமல் என்ன செய்யும்? நெசவுத் தறியிலும் செங்கல் சூளையிலும் கரும்புக் காட்டிலும் உழைப்போர் நிலையும் இதுவே. கடையில் போய் "வலிக்கு ஒரு செட்டு" என்று கேட்டால், பெயர் தெரியாத மூன்று நான்கு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள். மறுநாள் வேலைக்குப் போகலாம். பத்தாண்டு இப்படியே போகிறது.

வீங்கிய மணிக்கட்டில் வலியை மிகுவிப்பது புரோஸ்டாகிளாண்டின். அதனைத் தடுத்தால் வலி குறையும். ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தும், அஃது எப்படி வேலை செய்கிறது என்பது 1971ஆம் ஆண்டுவரை தெரியாமலே இருந்தது. இலண்டனில் ஜான் வேன் என்பவர்தான், ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று காட்டினார். பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன், வேன் மூவருக்கும் 1982இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் மணிக்கட்டில் வலி தரும் அதே பொருள், இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காதபடி சளிப்படலத்தைப் பேணுகிறது. சிறுநீரகத்துக்கு இரத்தம் தடையின்றிப் பாயவும் உதவுகிறது. மாத்திரைக்கு மணிக்கட்டு எது, இரைப்பை எது, சிறுநீரகம் எது என்று தெரியாது, எங்கும் தடுத்துவிடுகிறது. வெயிலில் வியர்த்து, தண்ணீர் போதிய அளவு குடியாமல், வெறும் வயிற்றில் இதை விழுங்குபவரின் இரைப்பையும் சிறுநீரகமும் சத்தமின்றிக் கெட்டுவருகின்றன. கருத்த மலம் போனாலோ, காலில் வீக்கம் கண்டாலோ தாமதிக்கலாகாது.

இது மிகைப்படுத்தல் என்று எண்ணுவோர் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் கதையைக் கேட்க வேண்டும். ஒரு காலத்தில் மாடு செத்த இடமெல்லாம் கூட்டமாக இறங்கிய பறவை அது. 1990களில் நாடெங்கும் திடீரென்று மறையத் தொடங்கியது. வெண்முதுகுப் பாறுகளில் 2007ஆம் ஆண்டுக்குள் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. காரணம் 2004இல் வெளிப்பட்டது. மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி இறந்த மாட்டின் இறைச்சியில் தங்கியிருக்க, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியது போல உள்ளுறுப்புகளின்மேல் படிந்து, அவை மடிந்தன. நாம் கடையில் வாங்கி விழுங்கும் அதே டைக்ளோஃபெனாக்தான். மாட்டுக்கு அதனைப் பயன்படுத்துவதை நம் அரசு 2006இல் தடைசெய்தது. 2023இல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றையும் மாட்டுக்குத் தடைசெய்தது. தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் முதுமலை, சத்தியமங்கலம் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். மனிதரின் சிறுநீரகம் பாறுடையதைப் போல அவ்வளவு எளிதில் வீழ்வதன்று. அதற்காக அதனைச் சோதித்துப் பார்க்க வேண்டுவதில்லை.

காய்ச்சலுக்கும் இதே கதை. கிருமி தாக்கும்போது மூளையில் உடல்வெப்பத்தை நிர்ணயிக்கும் இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் இ2 பெருகி, வெப்பத்தை ஏற்றுகிறது. காய்ச்சல் மாத்திரை அதனைக் குறைக்கிறது. ஆனால் டெங்கு பரவும் மழைக்காலத்தில் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை கூடா. இரத்தம் உறையத் தட்டணுக்களுக்குத் திராம்பாக்ஸேன் என்னும் இன்னொரு கொழுப்புத் தூது வேண்டும்; இம்மாத்திரைகள் அதனையும் தடுத்துவிடும். ஆஸ்பிரின் தீண்டிய தட்டணு, தன் ஆயுளான ஏறத்தாழ பத்து நாளும் அதனைச் செய்யவே இயலாது. மாரடைப்பு வந்தவருக்கு நன்மையாவது டெங்குக்காரருக்குத் தீமையாகிறது. அளவறிந்து பாரசிட்டமால் போதும். குழந்தைகளின் வைரஸ் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய் வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வளரும் பெண்பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு சொல். மாதவிலக்கு நாள்களில் பெண் சுருண்டு படுத்தால் "நாங்களெல்லாம் படாததா?" என்று அதட்டுகிறோம். கருப்பையின் உட்படலம் உதிரும்போது அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் வெளிப்பட்டு, மகப்பேற்றில் போலவே தசையைச் சுருக்குகிறது. சிலருக்கு அது மிகுதியாக ஊறுகிறது. அவள் நடிக்கவில்லை. மருத்துவரைக் கேட்டு, உணவுக்குப் பின் இரண்டொரு நாள் மாத்திரை தருவதில் குற்றமில்லை. வலி ஆண்டுக்கு ஆண்டு கூடினால் மருத்துவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும்.

உணவால் இந்தத் தூதர்களை மாற்ற முடியுமா என்று சிலர் கேட்பர். ஓரளவு முடியும். 1929இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் அமெரிக்கத் தம்பதியர், சில கொழுப்பு அமிலங்கள் உணவில் இல்லையேல் எலிகள் நோயுறும் என்று காட்டினர். அவற்றை உடல் தானே செய்துகொள்ள முடியாது. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் உள்ள லினோலிக் அமிலத்திலிருந்து அராக்கிடோனிக் அமிலம் உருவாகிறது. மத்தி, அயிலை போன்ற மீன்களின் கொழுப்பிலிருந்து உண்டாகும் தூதர்கள் சற்று மென்குரலினர். அவற்றுள் சில, வீக்கம் தன் வேலையை முடித்ததும் "போதும்" என்று அடக்குபவை. மலைச்சரிவுக்குக் கடல்மீன் அன்றாடம் வருவதில்லைதான். கிடைக்கும் நாளில் மத்தியை விலை மலிவென்று ஒதுக்காதீர்கள்.

விளக்கெண்ணெயை அறவே தூக்கி எறிந்துவிட வேண்டுமா? நலமுள்ள பெரியவர் மலச்சிக்கலுக்கு எப்போதேனும் சிறிதளவு உட்கொள்வதை நான் தடுக்க மாட்டேன். கர்ப்பிணிக்குக் கூடாது. காரணம் தெரியாத வயிற்றுவலிக்குக் கூடவே கூடாது; குடல்வால் அழற்சியாக இருந்தால், குடலை முறுக்கும் இந்த எண்ணெயால் அது வெடித்துவிடக்கூடும். குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் பேதிக்குக் கொடுக்கும் வழக்கம் இன்று தேவையற்றது. பூச்சி மாத்திரையைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகத் தருகிறார்கள்.

எட்டு நாள் கழித்துப் பேரன் தொலைபேசியில் அழைத்தான். அரசு மருத்துவமனையில் சேர்த்து, பசை வைத்து, மறுநாள் விடியலில் பெண் குழந்தை பிறந்ததாம். தாயும் சேயும் நலம். பின்னால் அம்மாயியின் குரல் கேட்டது. பேசியைக் கையில் வாங்கிக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டார்: "ஐயா, குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடலாமா? நாக்கில் கொஞ்சம் தடவலாமா?"

இரண்டும் வேண்டாம் என்றேன். பச்சிளங்குழந்தையின் மூக்கில் விட்ட எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் வழுக்கி நுரையீரலில் இறங்கிவிடும். அதனால் வரும் நிமோனியா சாதாரண மருந்துக்கு எளிதில் அடங்குவதில்லை. தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட இந்நோயைப் பற்றி 1973இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. தொக்கெடுப்பதும், மூக்கை உறிஞ்சிச் சளி எடுப்பதும், தொப்புளில் எண்ணெய் விடுவதும் அப்படியே ஆகாதவை என்றேன். ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வாயில் படலாகாது. கைகால்களில் தேங்காயெண்ணெயை இலேசாகத் தடவி, இளவெந்நீரில் குளிப்பாட்டலாம் என்றதற்கு, "விளக்கெண்ணெய் ஒரு படி வாங்கி வைத்துவிட்டேனே" என்றார் அம்மாயி.